ஒலிக்கருவிக்கு உலோகப் பெட்டி: சிக்கனமாய்ச் செய்து முடிக்கும் முறை

சங்கத்தின் மகாசபைக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படும்பொழுது, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் அங்கத்தினரும் அதைத் தெளிவாய்க் கேட்கவேண்டும். வாசகசாலையில் விவசாயச் செய்திகளைக் கேட்பதற்கும், விழா நாட்களில் பாட்டுக் கேட்பதற்கும் ஒலிக்கருவி ஒன்று அவசியமாகின்றது. இக்கருவியைக் கடையில் முழுதாக விலைகொடுத்து வாங்குவதற்குப் பதிலாக, உறுப்புகளை வாங்கித் தாமே இணைத்துக்கொள்ளும் இளைஞர் பல கிராமங்களில் இருக்கின்றனர். சென்னை ரிச்சி தெருவிலும், ஏனைய நகரங்களின் மின்சாதனக் கடைகளிலும், டி.டி.ஏ. 2030 ஏ போன்ற சில்லு பொருத்திய பலகைகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. ஒரு டிரான்ஸ்பார்மரும் இரண்டு ஸ்பீக்கர்களும் சேர்ந்தால் பாட்டுக் கேட்டுவிடும்.

ஆனால் பெட்டி என்று வரும்பொழுது வேலை பெரும்பாலும் நின்றுவிடுகிறது. தயாராய்ச் செய்து விற்கப்படும் உலோகப் பெட்டியின் விலை, சில சமயங்களில் உள்ளே வைக்கும் உறுப்புகளின் விலையையும் மிஞ்சுகிறது. ஆகையால் பலகையை ஓர் அட்டைப் பெட்டியிலோ, மரப் பலகையின்மீதோ வைத்து, கம்பிகள் வெளியே தெரிய உபயோகித்து வருகின்றனர். நாளடைவில் அதுவே நிலைத்துவிடுகிறது. 230 வோல்ட் மின்சாரம் ஓடும் கம்பி, குழந்தைகள் கைபடும் இடத்தில் திறந்து கிடப்பது எவ்வளவு அபாயமென்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. குறைந்த செலவில் நல்ல பெட்டி செய்துகொள்ளும் முறையையும், எச்செலவைக் குறைக்கலாம், எச்செலவைக் குறைக்கலாகாது என்பதையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. பெட்டியின் மூன்று கடமைகள்

பெட்டியின் முதற்கடமை உயிரைக் காத்தல். உள்ளே ஒரு கம்பி கழன்று உலோகத்தைத் தொட்டாலும், வெளியே தொடுபவருக்குத் தீங்கு நேராதபடி பெட்டி அமையவேண்டும்.

இரண்டாவது கடமை ஒலியைக் காத்தல். வீட்டு மின்கம்பிகளிலிருந்து எழும் மின்புலம், ஆம்பிளிபயரின் மெல்லிய முதற்கட்டத்திலே புகுந்தால் 'ம்ம்' என்ற இரைச்சல் உண்டாகும். நாற்புறமும் மூடிய உலோகக் கூட்டுக்குள் வெளி மின்புலம் புகாது என்பதை மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில விஞ்ஞானி 1836-ஆம் ஆண்டில் செய்துகாட்டினார். நமது பெட்டி அத்தத்துவத்தின் சிறு பிரயோகமே. எனினும் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். அலுமினியம் மின்புலத்தைத் தடுக்குமேயன்றி, டிரான்ஸ்பார்மரிலிருந்து எழும் 50 சுழற்சிக் காந்தப்புலத்தைத் தடுக்காது. இரும்புத் தகடு அதை ஓரளவு தடுக்கும். தூரமே அதற்குச் சிறந்த மருந்து.

மூன்றாவது கடமை வெப்பத்தை வெளியேற்றுதல். இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கூட்டியும் குறைத்தும் 16 வோல்ட் கொடுக்கப்பட்டு, 8 ஓம் ஸ்பீக்கரை இயக்கும் ஒரு சில்லு, மிகுதியாய் வெப்பமடையும் நிலையில் ஏறத்தாழ 6½ வாட் வெப்பத்தை உண்டாக்கும். சும்மா இருக்கும்பொழுது செலவழிப்பதையும் சேர்த்து 8 வாட் என வைத்துக்கொள்ளலாம். இரண்டு சில்லுகளுக்கு 16 வாட். சித்திரை வெயிலில் அறையின் வெப்பமே 40 டிகிரியாய் இருக்கையில், இவ்வெப்பத்திற்கு வழிவிடாத பெட்டி ஓர் அடுப்பாகவே மாறும்.

2. தகட்டைத் தேர்ந்தெடுத்தல்

முதன்முதலாய்ச் செய்பவருக்கு அலுமினியமே சிலாக்கியம். கையரத்தாலும் சாதாரணத் துளைக்கருவியாலும் அதை எளிதில் வேலைசெய்யலாம். துருப்பிடிக்காது. வெப்பத்தை இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் நன்றாய்க் கடத்தும். 16 கேஜ், அதாவது ஏறத்தாழ 1.6 மி.மீ. கனமுள்ள தகடு போதுமானது. வாங்கும்பொழுது மடிப்பதற்கேற்ற தகடு வேண்டுமென்று கேட்டு வாங்கவேண்டும். 5052 என்னும் கலவையும் அதனினும் மென்மையானவையும் நன்றாய் மடியும். 6061 என்னும் கலவையின் கடினப்படுத்திய தகடு கூர்மையாய் மடிக்கும்பொழுது வெடித்துவிடும்.

கையிற் பணமில்லாதவர் பழைய இரும்புக் கடையை நாடலாம். உபயோகமற்ற கணிப்பொறிகளின் இரும்புப் பெட்டியிலிருந்து நேர்த்தியான தகடு கிடைக்கும். அதன் மின்வழங்கிப் பெட்டியில் மின்கம்பி செருகும் துவாரமும், காற்றுத் துவாரங்களும் முன்னமே வெட்டப்பட்டிருக்கும். ஆயின் அதைத் திறக்குமுன் ஓர் எச்சரிக்கை: அதனுள் இருக்கும் பெரிய மின்தேக்கிகளில், மின்சாரத்தினின்று பிரித்த பின்பும், 300 வோல்ட்டுக்கு மேலான அழுத்தம் தங்கியிருக்கக்கூடும். நாட்கணக்கில் ஒதுக்கி வைத்த பின்னர், அறிந்த ஒருவரைக்கொண்டு அளந்து பார்த்தே கைவைக்கவேண்டும்.

எண்ணெய் டின், பிஸ்கட் டின் முதலியவற்றின் தகரம் மிக மெல்லியது. மின்கலத்தில் இயங்கும் சிறு கருவிகளுக்கு அது போதும். 230 வோல்ட் நுழையும் பெட்டிக்கும், கனமான டிரான்ஸ்பார்மரைச் சுமக்கும் அடித்தட்டுக்கும் அது தகுதியன்று.

3. அளவும் வரைபடமும்

மிக எளிய அமைப்பு, 'ப' வடிவமாய் மடித்த இரண்டு தகடுகளே. ஒன்று முன்முகம், அடித்தட்டு, பின்முகம் ஆகிய மூன்றும் சேர்ந்தது. மற்றொன்று மேல்மூடியும் இரு பக்கங்களும் சேர்ந்தது. இது முதலாவதன்மேல் கவிழ்ந்து உட்காரும்.

உதாரணமாக, முதல் தகட்டின் வெளியளவு அகலம் 250, ஆழம் 180, உயரம் 80 மி.மீ. என்று கொள்வோம். மடிக்காத நிலையில் அதன் நீளம் 80, 180, 80 ஆகியவற்றின் கூட்டுத்தொகையாகிய 340 மி.மீ. என்று தோன்றும். அப்படி வெட்டினால் பெட்டி பெரிதாகிவிடும். ஏனெனில், மடிக்கும் இடத்தில் தகட்டின் வெளிப்புறம் நீண்டுகொடுக்கிறது. 1.6 மி.மீ. அலுமினியத்திற்கு ஒவ்வொரு மடிப்புக்கும் ஏறத்தாழ 3 மி.மீ. கழிக்கவேண்டும். இரண்டு மடிப்புகளுக்கு 6 கழித்து, 334 மி.மீ. நீளமும் 250 மி.மீ. அகலமுமாய் வெட்டவேண்டும்.

மூடி, முதல் தகட்டின்மேல் தாராளமாய் இறங்கவேண்டும். இரு பக்கத்துத் தகட்டுக் கனத்தையும், அரை அரை மி.மீ. இடைவெளியையும் சேர்த்தால் அதன் வெளியகலம் 254 மி.மீ. ஆகும். பக்கங்களின் உயரம் 82 மி.மீ. ஆகவே 82, 254, 82 கூட்டினால் 418. மடிப்புக்கு 6 கழித்து 412 மி.மீ. நீளமும் 180 மி.மீ. அகலமுமாய் வெட்டவேண்டும். இரண்டு தகடுகளும் சேர்ந்து ஏறத்தாழ 680 கிராம் எடையிருக்கும்.

மேற்சொன்ன 3 மி.மீ. என்பது தகட்டின் மென்மையையும் மடிக்கும் கருவியையும் பொறுத்துச் சிறிது மாறும். ஆகையால் நல்ல தகட்டில் கைவைக்குமுன், அதே தகட்டில் சரியாக 100 மி.மீ. நீளமுள்ள ஒரு துண்டை வெட்டி, நடுவிலே கோடு கீறி, அக்கோட்டில் மடித்துப் பார்க்கவேண்டும். இரு கைகளின் வெளியளவையும் தனித்தனியே அளந்து கூட்டினால் 100-க்கு மேல் எவ்வளவு வருகிறதோ, அதுவே ஒரு மடிப்புக்குக் கழிக்கவேண்டிய அளவு. இரு கைகளும் சமமாயில்லாவிடில், மடிப்புக் கோட்டை எப்பக்கம் நகர்த்த வேண்டுமென்பதும் அதிலேயே விளங்கும். பத்து நிமிஷ வேலையாகிய இச்சோதனையை விட்டுவிட்டு ஒரு தகட்டையே வீணாக்குவது சிக்கனமாகாது.

வரைபடத்தை முழு அளவில் காகிதத்திலே வரைந்து, வெட்டி, மடித்து, உறுப்புகளை அதனுள் வைத்துப் பார்ப்பதும் நல்ல பழக்கம். இடம் போதாமை காகிதத்தில் தெரிந்தால் நஷ்டமில்லை.

4. வெட்டுதல், துளைத்தல், மடித்தல்

இம்மூன்றையும் இவ்வரிசையிலேயே செய்யவேண்டும். மடித்த பின் துளைக்கப் புகுந்தால் தகட்டைப் பிடிக்கவும் இடமிராது. துளையும் நேராய் அமையாது.

தகட்டை மூலைமட்டம் வைத்து, கோடு கீறும் ஊசியால் குறிக்கவேண்டும். வேண்டாத இடத்தில் ஆழமாய்க் கீறினால் மடிக்கும்பொழுது அவ்விடம் பிளக்கும். ஆகவே மடிப்புக் கோடுகளைப் பென்சிலால் இடுதல் நலம். கத்தரியால் வெட்டினால் ஓரம் சுருளும். பல் நெருக்கமான ரம்பத்தால் கோட்டுக்குச் சற்று வெளியே அறுத்து, அரத்தால் கோடுவரை தேய்ப்பதே சுத்தமான முறை.

துளையிடுமுன் ஒவ்வொரு மையத்தையும் புள்ளிக்குத்தியால் அடித்துக்கொள்ளவேண்டும். தகட்டின் கீழே ஒரு மரக்கட்டையை வைத்து, இரண்டையும் இறுகப் பிடித்துத் துளைக்கவேண்டும். கையால் தகட்டைப் பிடித்துக்கொண்டு துளைப்பவர், தகடு சுழன்று விரலை அறுத்துவிடும் என்பதை மறக்கலாகாது. 3 மி.மீ. திருகாணிக்கு 3.2 மி.மீ. துளையும், 4 மி.மீ. திருகாணிக்கு 4.3 மி.மீ. துளையும் பொருந்தும். பெரிய துளைகளுக்குப் படிப்படியாய் அகலும் கூம்புத் துளைக்கருவி மிகவும் உபயோகமானது. ஒலியளவுத் திருகு, ஸ்பீக்கர் இணைப்பு, மின்கம்பித் துவாரம் ஆகியவற்றின் அளவைப் புத்தகத்தைப் பார்த்து நிச்சயிக்காமல், வாங்கிய உறுப்பையே கையில் வைத்து அளந்து நிச்சயிக்கவேண்டும். சதுரத் துவாரத்திற்கு நான்கு மூலைகளிலும் துளையிட்டு, இடையே அறுத்து, அரத்தால் சமன்செய்யலாம்.

ஒவ்வொரு துளையின் பிசிரையும் பெரிய துளைக்கருவி முனையால் கையாலேயே சுழற்றி நீக்கவேண்டும். நீக்காத பிசிர் மின்கம்பியின் உறையை நாள்தோறும் சிறிது சிறிதாய் அறுக்கும்.

மடிப்பதற்கு விலையுயர்ந்த இயந்திரம் தேவையில்லை. 300 மி.மீ. நீளமுள்ள இரண்டு இரும்பு ஆங்கிள்களுக்கு இடையே தகட்டை வைத்து, மடிப்புக் கோடு ஆங்கிளின் விளிம்போடு பொருந்தும்படி, நடுவில் வைஸாலும் இரு முனைகளில் சி கிளாம்பாலும் இறுக்கவேண்டும். பிறகு தகட்டின் முழு அகலத்திற்கும் ஒரு நேரான மரச்சட்டத்தை அணைத்து, இரு கைகளாலும் ஒரே சீராய் அழுத்தி மடிக்கவேண்டும். இறுதியில் அச்சட்டத்தின்மேல் மரக் கொட்டாப்புளியால் தட்டி மூலையைக் கூராக்கலாம். இரும்புச் சுத்தியால் தகட்டை நேரே அடித்தால் உண்டாகும் வடுவை எப்பூச்சும் மறைக்காது. தகடு சற்றுத் திரும்பி வருமாதலால், 90 டிகிரிக்குச் சிறிது கூடுதலாய் மடித்து விடவேண்டும்.

அடித்தட்டின் இடது வலது ஓரங்களில் 12 மி.மீ. அலுமினிய ஆங்கிள் துண்டுகளை ரிவிட் அடித்து, அவற்றில் 2.5 மி.மீ. துளையிட்டு 3 மி.மீ. மறை வெட்டிக்கொண்டால், மூடியின் பக்கங்களைத் திருகாணியால் பொருத்தலாம். மூடி, கருவியில்லாமல் கையாலேயே திறக்கும்படி இருத்தலாகாது.

5. உள்ளே வைக்கும் ஒழுங்கு

டிரான்ஸ்பார்மரையும் மின்சாரம் நுழையும் துவாரத்தையும் ஒரு கோடியிலும், மைக்கிலிருந்து ஒலி நுழையும் பகுதியை மறுகோடியிலும் அமைக்கவேண்டும். பொருத்துமுன் டிரான்ஸ்பார்மரைத் தனியே வைத்து மெல்லத் திருப்பிப் பார்த்தால், ஒரு நிலையில் இரைச்சல் மிகவும் குறைவதைக் காணலாம், அந்நிலையிலேயே பொருத்தவேண்டும். இதைச் செய்யும்பொழுது 230 வோல்ட் இணைப்புகள் யாவும் உறையிட்டு மூடப்பட்டிருத்தல் வேண்டும். ஒவ்வொரு முறை திருப்பும்பொழுதும் மின்சாரத்தைத் துண்டிக்கவேண்டும்.

வளைய வடிவான டிரான்ஸ்பார்மரை நடுவில் ஒரே திருகாணியால் பொருத்துவது வழக்கம். அத்திருகாணியின் மேல்முனை மூடியைத் தொட்டால், திருகாணியும் பெட்டியும் சேர்ந்து ஒரு மூடிய சுற்றாகி, அதில் பெருமின்னோட்டம் பாய்ந்து டிரான்ஸ்பார்மர் எரிந்துபோகும். ஆகவே மேல்முனைக்கும் மூடிக்கும் இடையே நல்ல இடைவெளி அவசியம்.

டி.டி.ஏ. 2030 ஏ சில்லின் உலோக நாக்கு, எதிர்மின் வழங்கியோடு உள்ளே இணைக்கப்பட்டிருக்கிறது. அதை எர்த் செய்த பெட்டியிலோ ஹீட் சிங்கிலோ நேரே திருகினால் மின்வழங்கி குறுக்காகிவிடும். மைக்காத் தகடும், திருகாணிக்குக் காப்புக் குழலும் இட்டு, இருபுறமும் வெப்பப்பசை மெல்லியதாய்த் தடவிப் பொருத்தவேண்டும். இரண்டு சில்லுகளுக்கும் சேர்த்து, ஒரு வாட்டுக்கு 2 டிகிரிக்கு மேல் சூடேறாத ஹீட் சிங்க் ஒன்றைப் பின்முகத்தின் வெளிப்புறத்தில் பொருத்தினால், முன்பு கணக்கிட்ட 16 வாட்டுக்கு 32 டிகிரி ஏறும். கோடையிலும் அது 72 டிகிரி அளவில் நிற்கும்; சில்லுக்குத் தீங்கில்லை. கைபட்டால் சுடுமாதலால், பெட்டியைச் சுவரோரமாய்ப் பின்முகம் மறையவும், காற்றுப் புகவும் வைக்கவேண்டும்.

அடித்தட்டிலும் மூடியின் பின்பகுதியிலும் 4 மி.மீ. துளைகளை வரிசையாய் இடவேண்டும். குளிர்காற்று கீழே நுழைந்து, சூடான காற்று மேலே வெளியேறும். இதற்காக ரப்பர்க் கால்கள் 10 மி.மீ. உயரத்திற்குக் குறையாமல் இருக்கட்டும். மின்சாரம் நுழையும் உறுப்புகளுக்கு நேர்மேலே துளைகள் வேண்டாம். நம் வீடுகளில் பல்லியும் எறும்பும் வெதுவெதுப்பான இடத்தை நாடுமாதலால், துளைகளுக்கு உட்புறம் கம்பி வலை ஒட்டி, ஆண்டுக்கிருமுறை தூசு தட்டவேண்டும்.

6. மூன்றாவது கம்பி

இப்பாடத்தின் உயிர்நிலை இதுவே. மற்றவற்றில் சிக்கனம் செய்பவர் செய்யலாம். இதில் செய்யலாகாது.

பெட்டி எர்த் செய்யப்படாமல் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். உள்ளே பேஸ் கம்பி கழன்று உலோகத்தைத் தொட்டால், பெட்டி முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கும். அப்பொழுது ஆம்பிளிபயர் வழக்கம்போலப் பாடிக்கொண்டேயிருக்கும்; பியூஸ் எரியாது; அபாயத்திற்கு யாதொரு அடையாளமும் இராது. ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கும் ஒருவர் ஒலியளவைக் கூட்டக் கைவைத்தால், உடலின் தடையை 1,500 ஓம் என்று கொண்டாலும், 150 மில்லி ஆம்பியருக்கு மேல் அவர் உடல்வழியே பாயும். அது உயிரைப் போக்கவல்லது. பெட்டியோடு தொடர்புள்ள மைக்கை வாயருகே பிடித்துப் பேசுபவருக்கும் அதே அபாயம் உண்டு.

பெட்டி எர்த் செய்யப்பட்டிருந்தால் நிகழ்வதே வேறு. கழன்ற கம்பி உலோகத்தைத் தொட்ட கணமே பெருமின்னோட்டம் எர்த் வழியே பாய்ந்து பியூஸை எரித்துவிடும். கருவி நின்றுபோகும், மனிதர் பிழைப்பார்.

இதைச் செய்யும் முறையாவது: மின்கம்பி நுழையும் இடத்திற்கு அருகில், வேறெதற்கும் உபயோகிக்காத 4 மி.மீ. திருகாணி ஒன்றை அமைக்கவேண்டும். அதைச் சுற்றியுள்ள பூச்சைப் பளபளவென்று உலோகம் தெரியும்வரை சுரண்டவேண்டும். பல் வாஷர், வளைய முனை அழுத்திய பச்சை-மஞ்சள் கம்பி, வாஷர், நட், அதன்மேல் மற்றொரு பூட்டு நட் என்ற வரிசையில் இறுக்கவேண்டும். பூச்சிட்ட மூடி, திருகாணி வழியாய்த் தானே எர்த் பெறும் என்று நம்பலாகாது. மூடிக்குத் தனியே ஒரு கம்பி வேண்டும். எர்த் கம்பியை மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாய் விடவேண்டும். யாரேனும் மின்கம்பியைப் பிடித்திழுத்தால் அது கடைசியாய்க் கழல்வதற்காகவே இந்த ஏற்பாடு. மின்கம்பி நுழையும் துளைக்கு ரப்பர் வளையமும், இழுப்பைத் தாங்கும் பிடியும் அவசியம். பேஸ் கம்பியிலே சுவிட்சும், 70 வாட் அளவுள்ள டிரான்ஸ்பார்மருக்கு 500 மில்லி ஆம்பியர் மெதுவாய் எரியும் பியூஸும் இருக்கவேண்டும்.

இரைச்சல் வருகிறதென்று சொல்லி, மூன்று முனைச் செருகியின் தடித்த எர்த் முனையை வெட்டிவிடுவோர் உண்டு. எர்த் கம்பியைக் கழற்றியவுடன் இரைச்சல் நின்றதென்று மகிழ்வோரும் உண்டு. காவற்காரன் இருமுகிறான் என்று அவனை வேலையிலிருந்து நீக்கி, வாசலைத் திறந்து போடுவது போன்றதே இது. எர்த் உள்ள இரண்டு கருவிகளை ஒலிக்கம்பியால் இணைக்கும்பொழுது, எர்த் வழியாய் ஒரு சுற்று உண்டாவதால் அவ்விரைச்சல் எழுகிறது. இரு கருவிகளையும் ஒரே பலகையின் அடுத்தடுத்த துவாரங்களில் செருகிப் பார்க்கலாம். ஆம்பிளிபயரின் பொதுக்கம்பியைப் பெட்டியோடு ஒரே ஓர் இடத்தில் மட்டும் இணைக்கலாம். அதனாலும் தீராவிடில், ஒலிக்கம்பியின் இடையே சிறு ஒலி டிரான்ஸ்பார்மர் ஒன்றை அமைத்தால் இரைச்சல் அகலும். எர்த் கம்பியில் கைவைக்க அவசியமே இல்லை.

7. பூச்சும் மெருகும்

பூச்சு அழகுக்கு மட்டுமன்று. பளபளப்பான வெற்று அலுமினியம் வெப்பத்தை மிகக் குறைவாகவே கதிர்வீசும். மெல்லிய வர்ணம் பூசிய தகடு, எந்நிறமாயினும், அதைவிடப் பன்மடங்கு வீசும்.

முதலில் சோப்பு நீரால் எண்ணெய்ப்பசை போகக் கழுவி, 320 எண் உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் கழுவி உலர்த்தவேண்டும். அதன்பின் வெறுங்கையால் தகட்டின் முகத்தைத் தொடலாகாது. விரற்பசை பட்ட இடத்தில் வர்ணம் உரியும். அலுமினியத்தின்மேல் மெல்லிய ஆக்சைடுப் படலம் விரைவில் படிவதால், தேய்த்த அன்றே பிரைமர் பூசவேண்டும். அலுமினியத்திற்கென்று விற்கும் அரிப்புப் பிரைமரே தகுந்தது. இரும்புக்குப் பூசும் சிவப்பு ஆக்சைடு பிரைமர் அதில் நன்றாய்ப் பற்றாது. எர்த் திருகாணி, ஹீட் சிங்க் பொருந்தும் இடம் ஆகியவற்றை முன்னரே ஒட்டுத்தாளால் மறைக்கவேண்டும்.

வர்ணத்தை டப்பாவிலிருந்து தெளிப்பதாயின், ஒரு சாண் தூரத்திற்குச் சற்று மேலாய்ப் பிடித்து, தகட்டுக்கு வெளியே தொடங்கி, வெளியே முடித்து, மெல்லியதாய் மூன்று முறை தெளிக்கவேண்டும். கனமாய் ஒருமுறை தெளித்தால் வழியும். மழைக்காலத்து ஈரக்காற்றில் தெளித்த வர்ணம் வெண்மை பூக்கும். வறண்ட நாளில், காற்றோட்டமுள்ள திறந்த இடத்தில், அடுப்புக்கும் பீடிக்கும் தூரமாய்ச் செய்க.

வர்ணத்திற்கும் செலவிட மனமில்லாதவர், முன்முகத்தை ஒரு நேரான மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாளால், சோப்பு நீர் தொட்டு, இடமிருந்து வலமாக ஒரே திசையில் நீளத் தேய்த்தால், கடைச் சரக்குக்கு ஒப்பான இழையோட்டம் கிடைக்கும். அதன்மேல் நிறமற்ற லேக்கர் ஒரு பூச்சுப் போதும். காஸ்டிக் சோடாவில் தோய்த்து மெருகேற்றும் வழியைச் சிலர் கூறுவர். அது அலுமினியத்தோடு சேரும்பொழுது தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு எழும். கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். வீட்டில் செய்யத்தக்கதன்று.

8. மின்சாரம் கொடுக்குமுன் செய்யவேண்டிய சோதனைகள்

செருகியைச் சுவரில் சொருகாமலே, மீட்டரைக்கொண்டு எர்த் முனைக்கும், முன்முகம், பின்முகம், மூடி, ஹீட் சிங்க், வெளியே தெரியும் ஒவ்வொரு திருகாணி ஆகியவற்றிற்கும் இடையே அளக்கவேண்டும். மீட்டர்க் கம்பிகளின் சொந்தத் தடையைக் கழித்தபின் ஏறத்தாழ பூஜ்யமே வரவேண்டும். ஒரு ஓம் வந்தாலும் எங்கோ பூச்சு இடையிலிருக்கிறது என்று பொருள்.

அடுத்து, கருவியின் சுவிட்சைப் போட்டநிலையில், பேஸ் முனைக்கும் எர்த்துக்கும், நியூட்ரல் முனைக்கும் எர்த்துக்கும் அளந்தால் மீட்டர் தொடர்பே காட்டலாகாது. மின் பணியாளரிடம் 500 வோல்ட் மெகர் இருப்பின், இவ்விடத்துக் காப்பு 2 மெகா ஓமுக்குக் குறையாதிருக்கிறதா என்று பார்க்கச் செய்யலாம்.

முதன்முறை மின்சாரம் கொடுக்கையில், 60 வாட் இழை பல்பு ஒன்றைப் பேஸ் கம்பியில் தொடராக இணைத்துக் கொடுக்கவேண்டும். பல்பு ஒருகணம் மின்னி மங்கினால் குற்றமில்லை. பிரகாசமாகவே எரிந்துகொண்டிருந்தால் உடனே நிறுத்தி, குறுக்குத் தொடர்பைத் தேடவேண்டும். இவையெல்லாம் பெட்டியின் காவலேயன்றி, சுவரிலுள்ள எர்த் சரியாயிராவிடில் பயனில்லை. ஆகவே சங்கக் கட்டடத்தின் எர்த் குழியைச் சோதிக்கச் செய்வதும், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் காப்புச் சுவிட்சை அமைப்பதும் இவ்வேலையின் பகுதியென்றே கொள்ளவேண்டும்.

9. சங்கம் செய்யத்தக்கது

ஒருவர் ஒரு பெட்டிக்காகத் தகடு வாங்கினால் துண்டுக்கு அதிக விலை கொடுக்கவேண்டும். 8 அடி நீளம் 4 அடி அகலமுள்ள முழுத்தகடு ஒன்றைச் சங்கத்தின் மூலம் வாங்கி, சீராய் வகுத்து வெட்டினால், மேற்சொன்ன அளவில் 13 பெட்டிகளுக்குக் குறையாமல் கிடைக்கும். 1.6 மி.மீ. அலுமினியத்தில் அம்முழுத்தகட்டின் எடை ஏறத்தாழ 13 கிலோ. இருவர் எளிதில் தூக்கலாம். எஞ்சிய துண்டுகள் சோதனை மடிப்புக்கும் சிறு தாங்கிகளுக்கும் உதவும்.

வைஸ், ஆங்கிள், சி கிளாம்ப், கூம்புத் துளைக்கருவி, ரிவிட் கருவி, மீட்டர் ஆகியவற்றை ஒவ்வொருவரும் வாங்குவது வீண். சங்கம் ஒரு தொகுதியை வாங்கி, கையெழுத்துப் புத்தகம் வைத்து வழங்கினால் எல்லோருக்கும் உதவும். மீட்டர்ச் சோதனையில் தேறாத எப்பெட்டியையும் சங்கத்தின் இடத்தில் மின்சாரத்தோடு இணைக்கலாகாது என்று நிர்வாக சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றி வைப்பது மிக்க நலம். செய்தவர் ஒருவரும் சோதிப்பவர் வேறொருவருமாய் இருக்கட்டும். கணக்கு எழுதுபவரும் தணிக்கை செய்பவரும் ஒருவராயிருத்தல் தகாது என்பது நம் அங்கத்தினர் நன்கறிந்த விதியே. பணத்திற்கு அவ்விதி வேண்டுமாயின், உயிருக்கு அது வேண்டாமா?

கூட்டத்தில் ஆராய்வதற்குரிய கேள்விகள்

1. எர்த் இல்லாத உலோகப் பெட்டி, மரப்பெட்டியைவிடவும் அபாயமானது என்று கூறலாமா? காரணம் யாது?

2. வெளியளவு அகலம் 200, ஆழம் 150, உயரம் 60 மி.மீ. உள்ள பெட்டியின் இரண்டு தகடுகளையும் எவ்வளவு நீள அகலத்தில் வெட்டவேண்டும்?

3. நமது சங்கக் கட்டடத்தின் எர்த் குழி கடைசியாய் எப்பொழுது சோதிக்கப்பட்டது? அதற்குரிய பதிவு எங்கேயிருக்கிறது?

4. நம் ஊரில் திருவிழாவுக்கும் கூட்டத்திற்கும் உபயோகிக்கும் ஒலிக்கருவிகளில், எர்த் முனை வெட்டப்பட்டவை எத்தனை? அவற்றைச் சீர்செய்யும் பொறுப்பு யாருடையது?